தலைக்குள் வந்த புது ட்ரெய்னிகள்

மூன்று வாரம் முன்பு இந்தப் பக்கத்தில் ஒரு முட்டாள்தனம் எழுதினேன். 'எந்த வாரம்தான் எழுதவில்லை?' என்கிறீர்கள். சரி... இது கொஞ்சம் ஸ்பெஷல்.

மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிய கதையைச் சொல்லி, கடைசியில் ஒரு விஞ்ஞான உண்மையும் உதிர்த்தேன். 'மூளையில் செத்த செல் செத்ததுதான். புதுசாக ஒன்றுகூட முளைக்காது!' ஆதாரம்? பத்தாம் வகுப்பில் வாத்தியார் சொன்னது. அந்த வகுப்பிலும் நான் பாதித் தூக்கம்.

நாலு நாளில் ஒரு போன்.

"நீங்கதான சார் மூளை முளைக்காதுன்னு எழுதினது? இன்னா சார் நீங்க... உங்களால எங்க ரூம்ல ஒருத்தன் சுவத்தப் பாத்துகினு படுத்துக்கீறான்."

பேசியவர் தனசேகர். பென்னலூரில் ஒரே அறையில் ஐந்து பேர். எல்லோருக்கும் ஓரகடம் பக்கம் ஃபேக்டரி வேலை. படுத்திருப்பவர் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயது இருபத்தாறு.

ஓரகடம் ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஹெல்மெட் போடாமல் வந்தால் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். அதனால் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டே வந்து, கேட்டுக்கு நூறடி முன்னால் வண்டியை நிறுத்தித் தலைக்கு மாற்றுவார்கள். செல்வினை வேன் தட்டியது அந்த நூறடிக்கும் முன்னால். முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை!

தலையில் அடிபட்டும் உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் அவர் வேலை, காருக்குள் போகிற ஒயர்களைப் பலகையில் வரிசை மாறாமல் கோப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்த மனிதருக்கு இப்போது ஆறாவது ஒயரில் கை நின்றுவிடுகிறது. இன்னும் பத்து நாளில் சூப்பர்வைசர் முன்னால் சார்ட் பார்க்காமல் கோத்துக் காட்ட வேண்டும். தவறினால் வேலை இல்லை.

ரூம்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு ப்ளைவுட்டில் ஆணி அடித்து, கழித்துப்போட்ட ஒயர்களை வைத்து அதே மாதிரி ஒரு பலகை செய்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் யாரானாலும், பாயை விரிக்கும் முன் செல்வினை ஒரு ரவுண்டு கோக்க வைக்க வேண்டும். ரூம் சட்டம்! நன்றாகத்தான் போயிருக்கிறது... என் பத்தி அவர் கையில் கிடைக்கும் வரை.

"செத்தது செத்ததுதான்னு பேப்பர்லயே போட்டாச்சு" என்று பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம்.

நான் எழுதியதைப் போய் நம்பினாரே! என் வீட்டில் யாரும் செய்யாத தவறு.

என்னோடு படித்து, என்னைப் போல் தூங்காத நண்பன் ஒருவன் நரம்பியல் டாக்டர். போன் போட்டுக் கேட்டேன். "உன்னை யாருடா எழுத விட்டது?" என்று ஆரம்பித்தான். அப்புறம் சொன்னான் பாருங்கள்...

நினைவுக்கான பகுதியில், வளர்ந்த மூளையிலும் கொஞ்சம் ஸ்டெம் செல்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்குமாம். தலையில் அடி விழுந்ததும் அவை எழுந்து, பிரிந்து, புது நரம்பு செல்களைப் பெற்றெடுக்கின்றனவாம். எலிகளில் பார்த்தது இது. மனிதருக்கு எந்த அளவு என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

"ரொம்பத் துள்ளாதே. பிறக்கிறதில் நிறைய செத்துப்போகும். சிலது வழி தவறி வேற இடத்துல போய் உட்கார்ந்து ஃபிட்ஸ்கூடக் கொண்டுவரலாம். ஆனா ஒண்ணு... கத்துக்கிற வேலை கொடுத்த எலிகள்ல அதிகமா தங்கியிருக்கு."

ஓரகடத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? ட்ரெய்னிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பெர்மனென்ட் ஆகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். வேலை கற்றவர் தங்குவார்.

போனை வைத்துவிட்டு என் தலையை நானே தடவிப் பார்த்தேன். சங்கு ஊதவில்லை, சூப்பர்வைசர் கத்தவில்லை... இடிந்த இடத்தைச் சரிசெய்ய, அந்த இருட்டுக்குள் தானாகவே ஒரு ஷிஃப்ட் கிளம்புகிறது! அதற்கு வேண்டிய வேலையை, ஸ்டெம் செல் என்ற பேரே கேட்டிராத நாலு பேர், ஒரு ப்ளைவுட்டை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே வரியில் அதை நிறுத்தியிருக்கிறேன்.

ஞாயிறு மதியம் பென்னலூருக்கு ஓடினேன். ஹெல்மெட் தலையில்தான்... சத்தியமாக.

"அப்போ நீங்க எழுதுனது பொய்யா சார்?" என்றார் செல்வின்.

"பொய் இல்லைங்க, தெரியாம உளறினது."

"அதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்திய?"

"டேய், சாரே வந்து தப்புன்றாரு. எய்ந்திரு!" என்று தனசேகர் பலகையைத் திருப்பிப் போட்டார்.

செல்வின் உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து வரை விரல் ஓடியது. அப்புறம் நின்றது. எனக்குத்தான் நாலு நொடி சும்மா இருந்தால் ஆகாதே! பலகை மேல் வசதியாகக் கையை ஊன்றிக்கொண்டு, "கவலையே படாதீங்க செல்வின், இப்ப உங்க தலைக்குள்ள என்ன நடக்குது தெரியுமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கைய எடுங்க சார், ஆறாவது ஒயரு அதுக்கடில கெடக்கு."