பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

கண்ணாடிக் கிளாசுகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். போன மாதம் கூனிமேட்டில் ஒரு டீக்கடையில் மகளோடு நின்றிருந்தேன். கடைக்காரர் தட்டில் கிளாசுகளை அடுக்கினார். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"படம் முடியப் போவுது."

மகள் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் படம்பா?"

பிரெஞ்சுப் படம் என்றேன். அவள் சிரித்திருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். சிரிக்கவில்லை. புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறவள், அங்கே அவள் தோழிகள் இந்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்களாம். "உனக்குப் புடிச்சது எதுன்னு சொல்லுப்பா, நானும் பாக்கறேன்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்று, மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவனிடம் யாரும் கேட்காத கேள்வி. டீ ஆறிப்போகிற வரைக்கும் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மழை வந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளம்போல நிற்கும். ஐப்பசியிலிருந்து பொங்கல் வரை ஆளுக்கொரு பக்கம் போவோம். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு மழைக்காலம் நான் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். நடத்தியவர் வயதான பிரெஞ்சுக்கார அம்மா. எல்லோருக்கும் அவர் மதாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஊர்ப் படம் ஒன்றைத் திரையில் போடுவார். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுவதும், பாய் விரிப்பதும், நாற்காலி போடுவதும் என் வேலை. போட்டுவிட்டுக் கடைசிச் சுவரோரம் நின்றுகொள்வேன்.

படத்தில் பேசுவது புரியாது. கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். கூச்சக்காரனுக்கு அந்தப் படங்கள் ரொம்பத் தோது. யாரும் கத்த மாட்டார்கள். ஒருத்தி ஆப்பிள் தோல் சீவிக்கொண்டே இருப்பாள். கத்தி போகிற வேகத்திலேயே அவளுக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்துவிடும். ஆள் எழுந்து போனபிறகும் கேமரா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சாவு வீட்டில் நானும் அப்படித்தான் நிற்பேன். என்னை மாதிரி ஒருவன் எடுத்த படம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு குறை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் மதாம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவார். நான் தாழ்வாரத்துக்குப் போய் கிளாசுகளை அடுக்கிப் புதினா டீ ஊற்ற வேண்டும். அழுத முகத்தோடு வெளியே வருகிறவர்கள் கையில் சூடாக ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதனால் நான்கு மழைக்காலத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட நான் பார்த்ததில்லை. எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தால் மதாம் சொல்லியிருப்பார். கேட்க வாய் வரவில்லை.

புதினா என்றால் அஞ்சலை அக்காவின் தூக்குவாளியும் ஞாபகம் வரும். எங்கள் களத்தில் உப்புக் கூடை சுமந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழையசோற்றுக்குப் புதினாத் துவையல் கொண்டுவருவார். எனக்கும் ஒரு உருண்டை வரும். அவர் வீட்டுக்காரர் கேரளாப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போய் அப்போதே மூன்று வருடமாகச் சேதி இல்லை.

தை பிறந்து நான் களத்துக்குத் திரும்பியதும், பதினோரு மணிக்குச் சாப்பிட ஒதுங்குகிற கொட்டகையில் படக்கதை சொல்வது பழக்கமாகிவிட்டது. நாலு பேர் எதிரே வாய் திறக்காதவன், அங்கே மட்டும் பேசினேன். முடிவுகளை நானே கட்டினேன். பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள், நோயாளி எழுந்து நடந்தார். சாப்பிடுகிறவர்கள் முகம் நன்றாக இருந்தது.

ஒரு வருடம் நான் ஊருக்குக் கிளம்பும்போது மதாம், சமையலுக்கு ஒரு பெண் வேண்டும், தங்க அறையும் உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவிடம் சொன்னேன். இரண்டு வாரம் யோசித்தார். கால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறி ஏறி அவரால் நடக்க முடியாத நேரம் அது. "திங்கக்கெழம போலாண்டா, துணிய எடுத்து வச்சிட்டேன்" என்றார்.

சனிக்கிழமை கொட்டகையில் ஏழுமலை ஆரம்பித்தான். பலகை பிடித்து உப்பு வாருகிறவன், வாய்க்கு ஓய்வு கிடையாது.

"ஏம்பா படக்காரரே, அங்க நெஜமாவே படம் பாக்கறியா, இல்ல டீ ஆத்தறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் வாயை அடைக்க, எனக்கு ரொம்பப் பிடித்த படத்தை எடுத்தேன். ரயிலடி ஓரம் துணி தேய்க்கிற கடையில் ஒரு பெண். புருஷன் எங்கோ போய்விட்டான். வாராவாரம் அவன் கோட்டைத் தேய்த்து, கையில் போட்டுக்கொண்டு ரயிலடிக்குப் போய் நிற்பாள். ரயில் வரும், போகும். திரும்பி வந்து அதே ஆணியில் கோட்டை மாட்டுவாள். நான் பார்த்தது அவ்வளவுதான். கடைசித் தடவை அவள் ரயிலடிக்கு நடக்கும்போது மதாமின் விரல் எழுந்துவிட்டது.

அஞ்சலை அக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "வந்தாராடா?"

நான் பார்க்கவில்லை அக்கா, டீ ஊற்றப் போய்விட்டேன். சொல்ல வேண்டியது இந்த ஒரே வரி. ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாருக்கா. ரயில்லேர்ந்து எறங்கி நேரா அவகிட்டதான் வந்தாரு."

"கோட்டு? போட்டுக்கினாரா?"

"போட்டுக்கினாரு. அளவெடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு."

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் அக்காவுக்காகக் காத்திருந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, அவர் வீட்டுக்குப் போனேன். துணிப்பை அவிழ்ந்து கிடந்தது. "நான் போயிட்டு, அவரு வந்து பூட்டுன கதவப் பாத்தா இன்னாடா பண்ணுவாரு?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மதாம் வேறு ஆளை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வரவில்லை. முட்டி தேய்ந்து உட்காருகிற வரை அக்கா உப்புக் கூடைதான் சுமந்தார். வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் நான் செருப்பை மாட்டுகிறவன் போலக் குனிந்துகொள்வேன்.

மகள் நான் சொன்ன அடையாளங்களை வைத்து மூன்று நாள் தேடி, அந்தப் படத்தை போனில் கண்டுபிடித்துவிட்டாள். இத்தனை வருடம் கழித்துக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தேன். ரயில் வருகிறது. அவன் இல்லை. நடைமேடையில் மூட்டை தூக்குகிற கிழவர் ஒருவர் குளிரில் நடுங்குகிறார். அவள் கோட்டை விரித்து அவர் தோளில் போட்டுவிட்டு, அதே ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "இன்னாப்பா ஆச்சு?" என்று மகள் பின்னாலேயே வந்தாள். நாளைக்கு ஒரு மணி நேரம் போன் வேண்டும் என்றேன்.

மறுநாள் போனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு அந்தக் கோட்டுப் படத்தோட முடிவ நான் பாக்கலக்கா. பொய் சொல்லிட்டேன்" என்றேன். போனை நீட்டினேன். அவர் போடு, பார்ப்போம் என்பதுபோலக் கையைக் காட்டினார். தரையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தோம். தேய்க்கிறாள், போகிறாள், வருகிறாள். கடைசித் தடவை ரயிலடிக்கு நடக்கும்போது அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இருடா, டீ போடறேன்." அடுப்படியில் கிளாஸ் இடித்தது.

ஓடிப்போய்க் கையிலிருந்து கிளாசை வாங்கினேன். "டீ வேணாக்கா. வந்து உக்காரு. இதப் பாரு."

பார்த்தார். ரயில் போனபிறகும் கேமரா அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோட்டு அந்தாளுக்குப் பெருசா இருக்குதேடா" என்றார். பிறகு சிரித்தார். "மதாம் இன்னும் சமையலுக்கு ஆள் தேடுறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதாம் அவர் ஊருக்குப் போய் அங்கேயே செத்துப்போனார். படம் போட்ட கூடத்தில் இப்போது துணிக்கடை. தாழ்வாரத்தை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். அக்கா தங்கியிருக்க வேண்டிய அறை சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது, சன்னலைத் திறந்தால் முந்திரி மரம் தெரியும். அதுவும் இல்லை.

பிடித்த படம் கேட்டால் இன்னும் இரண்டு சொல்வேன். ஒன்றில், ஊமைத் தபால்காரர் ஒருவர் ஒரு கடிதத்தை மட்டும் கொடுக்காமலே வைத்திருப்பார். இன்னொன்றில், விற்கப்போகிற பசுவை அப்பாவும் பெண்ணும் ஒரு பகல் முழுக்க நடத்திக் கூட்டிப்போவார்கள். ரெண்டும் அருமையான படங்கள். பாருங்கள். முடிவு என்ன என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.