முழங்கையில் சொரியாசிஸ், தோளில் பட்டுப்புடவை

புடவை விற்கிறவனுக்குக் கைதான் ஷோகேஸ். அந்தக் கையில் சொரியாசிஸ் வந்தால் என்ன ஆகும் என்பதை, என்னைப்போலவே செதில் உதிர்த்துக்கொண்டு வேலைக்குப் போகும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்; நமக்குள் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் எனக்கு வேலை.

கருநீலச் சட்டை

ஒரு தீபாவளிக்கு முதலாளி எல்லோருக்கும் கருநீலத்தில் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார். அழுக்குத் தெரியாதாம். உண்மைதான், தலையிலிருந்து உதிர்வது மட்டும்தான் தெரியும். மதியத்துக்குள் என் தோள் இரண்டும் வெளுத்துவிடும். பக்கத்துக் கவுண்டர் செல்வம் யாரும் பார்க்காதபோது துண்டால் தட்டிவிடுவான். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டு, என்ன அது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான். "மேலேர்ந்து சுண்ணாம்பு உதிருதுங்க மொதலாளி. சீலிங்கைப் பாக்கச் சொல்லுங்க."

இலவச ஆலோசனை

சீலிங்குக்குப் பெயின்ட் அடித்தார்கள். நான் தோல் டாக்டரிடம் போனேன். இது தொட்டால் ஒட்டாது, வரும் போகும், மருந்தை நிறுத்தக் கூடாது, கவலைப்படக் கூடாது என்றார். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவர் மருந்து எழுதவில்லை.

அதை வாடிக்கையாளர்கள் கவனித்துக்கொண்டார்கள். கத்தரிக்காயை விடு என்றார் ஒருவர், கருவாட்டை விடு என்றார் இன்னொருவர். ஒரத்தநாட்டிலிருந்து வந்த விவசாயி ஒருவர், மனைவி புடவை பார்க்கும் நேரமெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பில் போடும்போது அக்கறையாகச் சொன்னார். "எங்க மாட்டுக்கும் இப்படித்தான் இருந்துச்சு தம்பி. மாட்டாஸ்பத்திரியில ஒரு ஊசிதான். இப்ப நல்லா கறக்குது."

ஊதா

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று பூசினேன். அரிப்பு அடங்கித் தூக்கமும் வந்தது. காலையில் நன்றாகக் கழுவிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அன்றைக்குப் பாபநாசத்திலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தது. எங்கள் தொழிலில் புடவையை விரித்தால் மட்டும் போதாது. கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டு, நாங்களே கட்டிக் காட்ட வேண்டும். சந்தன நிறப் பட்டை அப்படிக் காட்டிவிட்டு எடுத்தால், முழங்கை பட்ட இடத்தில் ஊதாக் கறை. பெண்ணின் அப்பா கறையைப் பார்த்தார், விலகியிருந்த என் சட்டைக் கையைப் பார்த்தார், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். சாயந்திரம் முதலாளி கூப்பிட்டார். "நீ நல்லா விக்கிறப்பா. ஆனா இனிமே குடோன்ல இரு. அங்க ஒன்ன யாரும் பாக்க மாட்டாங்க."

குடோன்

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கடைக்குக் கீழே இருந்த குடோனில் காற்று இல்லை. வியர்வையில் அரிப்பு இன்னும் கூடியது. விற்பனையைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. இனி மேலே போகவே முடியாதோ என்ற பயம் வேறு.

தை மாதம் வேதாரண்யத்திலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா, கல்யாணப் பெண்ணான மகளோடு வந்தார். செல்வம் கட்டிக் காட்டிய எதையும் அந்தப் பெண் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். போன தடவை கையில் தடிப்போடு ஒருவர் புடவை காட்டினாரே, அவர் எங்கே என்று அம்மா கேட்டாராம். செல்வம் ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான்.

என் முழங்கையைப் பார்த்ததும் அந்தப் பெண் தன் முழுக்கை ரவிக்கையை மெல்ல மேலே ஏற்றினாள். அதே தடிப்பு. ஜரிகை உரசினால் எப்படி எரியும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தேவைப்படவில்லை. ஜரிகை இல்லாமல் நூல் பார்டர் போட்ட மெல்லிய பட்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன். அதையே வாங்கி அவளும் தன் தோளில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணம் கட்டும்போது அந்த அம்மா முதலாளியிடம் சொன்னார். "எம் பொண்ணுக்கும் இதான். மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டுத்தான் கல்யாணம் பண்றோம். நீங்க எதுக்குங்க இந்தத் தம்பிய ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மறுநாளிலிருந்து மறுபடி பட்டுப் பிரிவில்தான் நிற்கிறேன். செதில் இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, முதலாளிதான் இப்போதெல்லாம் சீலிங்கைப் பார்ப்பதில்லை.