பின்சக்கரத்தின் மேல் பாரம்

பதுளையில் பௌதிகம் படிப்பித்த காலத்தில், கரும்பலகையில் ஒரு சாய்தளம் வரைந்து, அதன்மேல் ஒரு கட்டையை வைத்து, அது எப்போது வழுக்கும் என்று வருடாவருடம் கேட்பேன். கட்டையின் பாரத்தைக் குறைத்தால் வழுக்காது என்று எவனாவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பாரம் குறைஞ்சால் உராய்வும் குறையுமெல்லோ, மடையா!" என்று கத்துவேன். நமுனுகுல ஏற்றத்தில், ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, அதே மடத்தனத்தை நானே செய்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மனைவிக்கு ஏழு மாதம். அவளுடைய அண்ணன் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் மருந்து கொடுப்பவர். பிள்ளை பிறக்கும்வரை அவர் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் எனக்கு நெஞ்சு பதறியது. குலுக்கம் குறைவு என்று அவளை முன் ஆசனத்தில் இருத்தினேன். வழியில் பசறையில் சந்தை முடிந்து, தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர் மூட்டைகளோடு ஏறிப் பின்பக்கத்தை நிறைத்தார்கள். வாசலும் பின்னால்தான் இருந்தது.

செங்குத்தான வளைவொன்றில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சாரதி கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தார். "கால் பிரேக்க நம்ப ஏலாதுங்க, இதான்" என்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கொண்டக்டர் குதித்து, பின்சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டையைத் தள்ளிவிட்டு, தகரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே இருந்த பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்கு வரம்பு இல்லை. கீழே, வெகு கீழே தேயிலை. அதற்கும் கீழே வெறும் பனிமூட்டம்.

பயம் வந்தால் படித்தவனை முதலில் கைவிடுவது படிப்புத்தான். எழுந்து பின்னால் போய், "எல்லாரும் இறங்குங்கோ! பாரம் குறைஞ்சால்தான் பஸ் நிக்கும்" என்றேன். நீளக் காற்சட்டை போட்டவன் சொன்னால் அந்தச் சனம் ஏன் என்று கேட்காத காலம் அது. "ஐயா சொல்றாருல்ல, எறங்குங்கடி" என்று ஒருத்தி மற்றவர்களைக் கிளப்பினாள். வாசலை மறித்த மூட்டைகளை வாங்கி வைக்க நானே முதல் ஆளாக இறங்கினேன். அவர்களும் மளமளவென்று இறங்கினார்கள். முன்னால் மனைவி கம்பியைப் பிடித்து மெல்ல எழும்பிக்கொண்டிருந்தாள்.

பஸ் பின்னுக்கு அசைந்தது. ஒரு சாண். மரக்கட்டை ஈரத் தாரில் சக்கரத்தோடு சேர்ந்து வழுக்கியது. இன்னொரு சாண்.

கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். அந்தச் சக்கரங்களை ரோட்டோடு அழுத்தி வைத்திருந்த பாரத்தைத்தான் நான் இறக்கிவிட்டிருந்தேன். முன்னால் இருந்த இஞ்சின் பாரம் அப்படியே இருந்து கீழ்நோக்கித் தள்ளியது. இது எல்லாம் அந்தக் கணத்திலேயே, வகுப்பில் சொல்வது போல வரிசையாக எனக்கு விளங்கியது. விளங்கி என்ன பிரயோசனம்? ஜன்னலில் மனைவியின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது.

கொண்டக்டர் தகரத்தை எறிந்துவிட்டு ஓடிவந்தார். "யாருய்யா எறங்கச் சொன்னது? ஏறுங்க! எல்லாம் பின்சீட்டுக்குப் போங்க! இந்த ஏத்தத்துல எப்பவும் அப்பிடித்தானே நிப்பாட்டுறது!"

சற்று முன் மற்றவர்களை இறங்கக் கிளப்பியவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். "உள்ள புள்ளத்தாச்சி இருக்குடி, ஏறுங்க!" என்று கத்திக்கொண்டு, வழுக்கிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினாள். அவள் பின்னால் அடுத்தவள். அதற்குப் பின்னால் மற்றவர்கள், மூட்டைகளையும் உள்ளே வீசி வீசி. அழுதுகொண்டே ஏறியவளும் இருந்தாள். ஏழெட்டுப் பேர் ஏறியதும் பஸ் முனகி நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. அப்போதும் மிச்சப் பேர் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் ரோட்டில் நின்றேன். ஏறு, ஏறு என்று மனம் அடித்துக்கொண்டது. கால் எழும்பவில்லை.

கொண்டக்டர் பெரிய கற்களாக உருட்டிவந்து முட்டுக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி, இஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் ஏறினேன். பெண்கள் மனைவியைத் தங்கள் நடுவில் இருத்தி, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை, மனைவியின் வயிற்றில் அவளுடைய அண்ணன் காது வைத்துக் கேட்டு, பிள்ளை நலம் என்றார். அவர் அப்பால் போனதும் மனைவி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் ஏறேல்லை?"

"ஒரு ஆளின்ர பாரத்தால என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்" என்றேன்.

"அந்தப் பொம்பிளையள் அப்பிடி நினைக்கேல்லையே" என்றாள்.