வெறும் தண்ணீரில் ஈயம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். கண், காது, மூக்கு வைத்து எதையும் கூட்டவில்லை.

சிறுநீரில் உலோகம் அளப்பது என் வேலை. காற்றிலும் குடிநீரிலும் உடம்புக்குள் போகும் ஈயத்தில் ஒரு பங்கு சிறுநீரில் வெளியே வரும். எவ்வளவு என்று இயந்திரம் சொல்லிவிடும். அன்று என்னிடம் இருந்தவை, பழைய பேட்டரி உருக்கும் ஆலையை ஒட்டிய தெருவில் வசிக்கும் நாற்பது பேரின் மாதிரிகள். திங்கட்கிழமை விசாரணைக்கு முடிவு போகவேண்டும். போகாவிட்டால் ஆலைப் புகை நிற்காது.

வீடு வீடாகப் போய் மாதிரி வாங்கிய நர்ஸ் அக்கா, சனிக்கிழமை பெட்டியை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமையும் மூத்திரத்தோடயா? உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு பகல் 2.10. ஆய்வகத்தில் நான் மட்டும். பெட்டியில் மிஞ்சிய காலிக் கப் ஒன்றில் சுத்தமான நீரை ஊற்றி, அதைத்தான் முதலில் அளப்போம். பூஜ்யம் வந்தால் கப்பிலும் இயந்திரத்திலும் அழுக்கில்லை என்று பொருள். வராவிட்டால் நாற்பதும் குப்பைக்கு.

ஈயம் லிட்டருக்கு 38 மைக்ரோகிராம் என்று வந்தது. நல்ல உடம்பில் ஒன்றைத் தாண்டுவதே அரிது.

கப்பைக் கழுவி, புது நீர் ஊற்றினேன். 2.31. மறுபடியும் 38.

கப் வெதுவெதுப்பாக இருந்தது. நீரோ குளிர்பெட்டியிலிருந்து எடுத்தது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். முப்பத்தேழு டிகிரி.

உடம்புச் சூடு.

கிரியேட்டினின் பார்த்தேன். தசையிலிருந்து சிறுநீருக்கு வரும் கழிவு அது. வெறும் தண்ணீரில் இருக்க வழியே இல்லை.

இருந்தது...

கப்பைக் கவிழ்த்துக் கொட்டினேன். மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். 2.58. முதுகுக்குப் பின்னால் சத்தம்.

சொட்... சொட்...

குழாய் மூடித்தான் இருந்தது.

கப்பைப் பார்த்தேன்.

பாதி நிறைந்திருந்தது. மஞ்சளாக...

உறை பிரிக்காத வேறொரு கப்பை எடுத்து, நீர் ஊற்றி அளந்தேன். பூஜ்யம். நாற்பதும் பிழைத்தன.

அக்காவுக்குப் போன் போட்டு, மிஞ்சிய கப் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அது மிஞ்சினது இல்லடா. கடைசி வீட்டு அம்மாவுக்குக் குடுத்தது. காலையில வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருந்தேன். போனா வாசல்ல கூட்டம். ராத்திரியே போயிட்டாங்களாம். கப்பு காலியா கிடந்துச்சு. எடுத்துப் பெட்டியில போட்டுட்டேன்."

போனை வைக்கப்போன என்னை அக்கா நிறுத்தினார்.

"கப்பை வாங்கறப்ப ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. என்னை விட்டுட்டு கணக்கு எழுதிட மாட்டீங்களேன்னு."