மானஸ்தன் கட்டிய ராஜ்ஜியம்

பாகைமானியைக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டினாற்போல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் எங்கள் சார். திரையில் ஒரு சாமுராய் இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறான். "இருபத்தெட்டு டிகிரி. ரெண்டு டிகிரி மரியாதை குறையுது. இவன் பிரபுவுக்கு வணக்கம் சொல்றானா, கீழ விழுந்த பேனாவ எடுக்கறானா?" படத்தை அசைய வைக்கும் பெண் அவனை மறுபடியும் குனிய வைக்கிறாள். காலையிலிருந்து இது பதினொன்றாவது தடவை. அந்தச் சாமுராய்க்கு உயிர் மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் முதுகுக்குத் தைலம் கேட்டிருப்பான்.

அலுவலகத்தில் இவருக்கு மானஸ்தன் என்று பெயர். வைத்தவள் நான்தான். நேரில் "சார்" என்பேன். எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறது. இவர் அதில் ராஜ்ஜியம் கட்டுகிறவர். எட்டு மலை, ஒரு ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு கோட்டை. அங்கே சாமுராய்கள் மானம் ஒன்றையே மூச்சாகக் கொண்டு வாழ வேண்டும் என்பது இவர் சட்டம். நான் டெஸ்டர். இவர் கட்டுவதை விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் குறை சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஜப்பான் பக்கம் மனிதர் தலைவைத்துப் படுத்ததில்லை. அதனால் என்ன, மேசையில் ஒரு மரவாள் இருக்கிறது. முதுகு சொறிவதற்கும், எட்டாத திரைச்சீலையை இழுப்பதற்கும், "டெஸ்டரம்மா, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிடுவதற்கும் அதுதான். கைப்பிடி இல்லாத கோப்பையில்தான் டீ குடிப்பார். தினமும் விரல் சுடும். "ஸ்ஸ்" என்பார். மறுநாளும் அதே கோப்பை. இதற்குப் பெயர் மன உறுதியாம். கீழே இருக்கும் டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "இதுவும் ஒரு போர்க்களம்" என்பார். டயர் கடைக்காரருக்கு இந்த விஷயம் தெரியாது.

ஒவ்வொரு வீரனின் தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அதுதான் மானம். வரிசையில் முந்தினால் மூன்று புள்ளி குறையும். இரவல் வாங்கியதைத் திருப்பித் தராவிட்டால் ஐந்து. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாவிட்டால் எட்டு. இதையெல்லாம் இவர் எழுதியது என்னிடம் இரவல் வாங்கிய பேனாவால். அது போய் ஏழு மாதம் ஆகிறது. அலுவலக வாசலில் காவலுக்கு நிற்கும் அம்மாள் தினமும் காலையில் வணக்கம் சொல்கிறார். இவர் ராஜ்ஜிய யோசனையில் விறுவிறுவென்று கடந்து போய்விடுவார். எட்டு எட்டாகக் கூட்டிப் பாருங்கள், எனக்கு நேரமில்லை.

முதல் வாரச் சோதனையில் ஒரு கூத்து நடந்தது. வணக்கத்தை முதலில் நிறுத்துகிறவனுக்கு மானம் குறையும் என்று சட்டம் போட்டிருந்தாரா, எதிரெதிரே வந்த இரண்டு வீரர்கள் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி குனிந்தார்கள். யாரும் நிறுத்தத் தயாரில்லை. நான் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் குனிந்துகொண்டிருக்கிறார்கள். பிழை என்று எழுதி அனுப்பினேன். மனிதர் எழுந்து வந்து என் திரைக்கு முன் கைகட்டி நின்றார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா டெஸ்டரம்மா, என்ன ஒரு பண்பு!" பிழைப் பட்டியலில் அதற்கு நேராக "பிழையல்ல, அழகு" என்று எழுதி மூடிவிட்டார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், பதினேழாம் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால். ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டையில் இறங்கிய பிறகு யாரும் எழுந்து போகக் கூடாது. இருபது விநாடி கை அசையாவிட்டால் புறமுதுகு காட்டியதாகக் கணக்கு. வீரன் அங்கேயே சாவான். செத்தால் செத்ததுதான். கோட்டை வாசலில் உள்ள கருங்கல்லில் அவன் பெயரும் குற்றமும் பொறிக்கப்படும்.

"வீட்ல பால் பொங்கினா என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"பால் பொங்குதுன்னு எந்த சாமுராயாவது போர்க்களத்த விட்டு ஓடி வந்தானா?"

"அவன் வீட்ல அடுப்பப் பாக்க ஆள் இருந்திருப்பாங்க சார்."

வாளால் முதுகைச் சொறிந்துகொண்டார். சட்டம் நிலைத்தது. செத்தவனை எழுப்பும் பொத்தான் இவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. இவருடைய சொந்த வீரன் இதுவரை மூன்று முறை செத்துப் பிழைத்திருக்கிறான். கேட்டால், அது ஆராய்ச்சியாம்.

இந்த நேரத்தில்தான் இவருடைய மாமனார் ராஜ்ஜியத்துக்குள் வந்தார். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகி மகள் வீட்டுக்கு வந்திருந்தார். மகளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை, பகலெல்லாம் வீட்டில் ஆளில்லை. "சும்மா பொழுது போகட்டும்" என்று மாப்பிள்ளை சோதனைப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். கிழவர் தன் வீரனுக்குச் சிக்னல்காரர் என்றே பெயர் வைத்து, ஐந்து மாதத்தில் அறுபத்தோராவது படிக்குப் போய்விட்டார். எழுநூறு பேர் விளையாடும் சோதனையில் அந்த உயரத்தில் வேறு யாருமில்லை.

ஆடுகிறவர்கள் தட்டும் ஒவ்வொரு பொத்தானும் நேரத்தோடு எனக்குப் பதிவாகி வரும். அதில்தான் அவரைப் பழக்கம். புதிதாக வருகிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் பாலத்தில் வைத்து வெட்டுவார்கள். சிக்னல்காரர் பாலத்தின் இந்தக் கரையில் போய் நின்றுகொள்வார். ஒருவர் போகும்வரை இன்னொருவரை விடமாட்டார். "லைன் கிளியர், போலாம்" என்று ரயில்வே பாஷையில் எழுதுவார். முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேர் தினமும் அவர் வருகைக்காகக் கரையில் காத்திருந்தார்கள். மானஸ்தன் எழுதிய இருநூறு பக்கச் சட்டத்தில் இப்படி ஒரு வேலையே கிடையாது.

பாலத்துக்குக் காவலனைத் தேர்ந்தெடுக்கக் கடைசிப் போட்டி வைத்தோம். வென்றவன் பெயரே பாலத்துக்கு நிலைக்கும். கருங்கல்லில் உள்ள பெயர்களும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியலைப் பூட்டிவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது. செவ்வாய் மாலை இறுதிச் சண்டை. சிக்னல்காரர் இன்னும் இரண்டு வெட்டு வெட்டினால் பாலம் அவருடையது. ஆறு பன்னிரண்டுக்குக் கை நின்றது. இருபது விநாடி ஓடியது. கல்லில் எழுத்து விழுந்தது: "சிக்னல்காரர், புறமுதுகு காட்டினார்."

புதன்கிழமை காலையில் மானஸ்தன் முன்னால் போய் நின்றேன். "ஒரு பொத்தான்தானே சார்?"

"மாமனாருக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" வாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அவரே ஒத்துக்கிட்டார். 'எந்திரிச்சது என் தப்புதான் மாப்பிள்ளை, கால் மரத்துப்போச்சு'ன்னார். முப்பத்தி நாலு வருஷம் சிக்னல் கேபினை விட்டு ஒரு நிமிஷம் நகராத மனுஷன், பாவம். நேத்து ராத்திரி சாப்பாடே இறங்கல அவருக்கு. ஆனா சட்டம் சட்டம்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டெஸ்டருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பதிவைத் திறப்பாள். வியாழக்கிழமை உட்கார்ந்து செவ்வாய் மாலையை விநாடி விநாடியாகப் பார்த்தேன். ஆறு பதினொன்று வரை நிதானமாக ஆடிக்கொண்டிருந்தவர், திடீரென்று தலைதெறிக்க வெட்டுகிறார். ஐந்து மாதத்தில் அப்படி அவசரப்பட்டதே இல்லை. முப்பது விநாடி அந்த வேகம். பிறகு ஒன்றுமில்லை. கால் மரத்துப்போனவருக்குக் கையில் எதற்கு இத்தனை பரபரப்பு?

அந்த நேரம் எங்கேயோ பார்த்த நேரமாக இருந்தது. போனை எடுத்தேன். செவ்வாய் மாலை மானஸ்தன் கிளம்பிப் போனபின், அவர் வீட்டுச் சாவி என் மேசையில் கிடந்ததைப் பார்த்துச் செய்தி அனுப்பியிருந்தேன். ஆறு பதினான்குக்குப் பதில் வந்திருக்கிறது: "பரவால்ல, உள்ள வந்துட்டேன். மாமா திறந்தார். மூணு தடவை பெல் அடிக்க வேண்டியதாப் போச்சு. காது மந்தமாயிட்டே வருது அவருக்கு."

சொல்ல என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் பெல்லுக்கு அவர் அசையவில்லை. இரண்டாவதற்கு, முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று பாய்ந்து பாய்ந்து வெட்டியிருக்கிறார். மூன்றாவது அடித்ததும், மாப்பிள்ளை வெளியே நிற்கிறாரே என்று வாளைப் போட்டுவிட்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறார்.

பதிவையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மனிதர் வாசித்தார். மறுபடி வாசித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "இத அவர் சொல்லவே இல்லையே," என்றார்.

"சொல்லியிருந்தா உங்களுக்கு எத்தனை புள்ளி குறையும்னு யோசிச்சிருப்பார் சார்."

தன் கம்ப்யூட்டருக்குப் போனார். பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"மாமா, உங்க சிக்னல்காரர இப்பவே எழுப்பிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. எந்திரிச்சது எந்திரிச்சதுதான். சாயங்காலம் புதுசா ஒருத்தன ஆரம்பிக்கப்போறேன்."

"கதவைத் திறக்கத்தானே மாமா எந்திரிச்சீங்க?"

"யார் சொன்னா? கால் மரத்துப்போச்சு." அடுத்த மூச்சிலேயே, "நீங்க சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டார்கள். கல்லில் எழுத்து இருக்கிறது. பாலத்துக்கு வேறு யாரோ ஒரு வீரனின் பெயர். பதினேழாம் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கொள்கை அல்லவா!

மறுநாள் மாலை, முழங்கால் மடக்கச் சிரமமில்லாத நாற்காலி ஒன்றை மாமனாருக்காக வாங்கிக்கொண்டு, தூக்க ஆளில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். லிப்ட் ஓடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மூன்று மாடி ஏறினோம். கதவுக்கு முன்னால் நின்று பையைத் துழாவினார், சட்டைப் பையைத் துழாவினார். சாவி அலுவலகத்தில். எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "தள்ளுங்க சார்" என்று பெல்லை நோக்கிக் கையை நீட்டினேன்.

உள்ளேயிருந்து வாளோடு வாள் மோதும் சத்தம் வந்தது.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தார். கதவில் காதை வைத்து நின்றார், என் கையை விடாமல்.