வாசலில் கழற்றிய செருப்பு

தரை விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் போட்ட நாளிலிருந்து, செருப்புக் காலோடு யார் உள்ளே வந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மாமனாருக்குச் சர்க்கரை நோய். வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் ஆறாமலே கிடந்தது. பாதம் மரத்துப் போனதால் அவருக்கு வலியும் தெரியாது. பெரம்பலூர் டாக்டர், புண் படும் இடத்தில் பள்ளம் வைத்த தடித்த செருப்பு ஒன்றை வாங்க வைத்தார். புண்மேல் உடம்பின் பாரம் ஏறினால் ஆறவே ஆறாது, வீட்டுக்குள்ளும் இதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கேட்டு என்ன? அடுத்த வெள்ளிக்கிழமையே, துடைத்த ஈரம் காயாத தரையில் அவர் அந்தச் செருப்போடு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி வெளக்கு எரியிற வூடு மாமா. செருப்ப வாசல்லயே வுட்டுட்டு வாங்க."

அவர் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினார். அன்றிலிருந்து வாசலில் கழற்றிவிட்டு, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் வெறுங்காலோடு நடந்தார். தினமும் பார்த்தேன். ஊரில் எந்த வீட்டில் செருப்போடு உள்ளே வருகிறார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்த டாக்டர் முகம் சுளித்தார். புண் எலும்புவரை போயிருந்தது. வீட்டில் செருப்பு போடுகிறீர்களா என்று கேட்டார். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மறந்து போயிடுதுங்க சார்."

கூட வந்திருந்த என் கணவர், சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் அவரைத் திட்டினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "நானும் சொல்லிக்கிட்டேதாங்க இருக்கேன்" என்றேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் கணவர் மருந்து வாங்கக் கீழே போன நேரம், கட்டிலருகே நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. மாமனார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழுவாத தாயி. அவன் வந்தா என்னான்னு கேப்பான். நான் ஒண்ணும் சொல்லல."

கணவர் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரிடம் நானும் இன்றுவரை சொல்லவில்லை.