திறப்புக் கொடுக்காத மாரி

எங்கள் வீட்டைக் கட்டியவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்தாலும் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பை, சாவியை, வீட்டுக்காரரிடம் கொடுக்கமாட்டார். ஒரு பாயோடும் அரிக்கன் லாம்போடும் வந்து, ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை தையில் விடும்வரை தானே அந்த வீட்டில் தனியாகப் படுப்பார். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது, வீட்டைச் சுற்றிய வளவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத் திருத்துவார். அதன் பிறகுதான் திறப்பு கைமாறும். அவசரக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கட்டிட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர் அவர். கிண்ணியாவில் பிறந்த முஸ்லிம். அளவு பிடிக்கப் போன இடத்தில் கட்டிடப் படம் கீறப் பழகி, பிறகு தன்பாட்டில் கட்டத் தொடங்கினார். உள்துறைமுகத்துப் பக்கம் சில வீடுகள், ஒரு பள்ளிக்கூட மண்டபம், கடைத்தெருவில் ஒரு வரிசைக் கடை, ஒரு சின்னப் பள்ளிவாசல், கோயிலுக்கு ஒரு மடம். யன்னலுக்கும் அறைக் கதவுக்கும் மேலே அரைநிலா வடிவில் காற்றுத் துவாரம் கண்டால் அது அவருடைய கைவேலை. கல்வெட்டுகளில் திறந்து வைத்த துரைமாரின் பெயர்தான் இருக்கிறது. இவரைக் கட்டிடக் கலைஞர் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். சரித்திரம் படிப்பிக்கிறவள் என்பதால் பல வருசமாக அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது பகிடிதான். "அம்மாவுக்கு ஓவசியர் பேய் பிடிச்சிட்டுது" என்பாள் மகள்.

அந்த மகளுக்குத்தான் போன வருசம் கலியாணம் பொருந்தியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் மாலை மாற்றினால் தாயும் தகப்பனும் பின்வளவு அறைக்குப் போய்விட வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை, நானும் அப்படித்தான் இந்த வீட்டைப் பெற்றேன். மாப்பிள்ளை வீட்டார் நிலாவெளிக்காரர், நல்ல மனிதர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: மேலே ஒரு மாடி. ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் மாடிக்குத் தளமாகக் கொங்கிறீட் பிளேட் போட்டுவிட்டால் மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் கணவர் உடனே தலையாட்டிவிட்டார். அவர் எதற்கும் உடனே தலையாட்டுகிற மனிதர்.

வீட்டுச் சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அதன்மேல் பாரம் ஏற்ற ஏலாது என்று மேசனே சொன்னார். அதனால் சுவரோரமாகக் குழி வெட்டி, கொங்கிறீட் தூண் எழுப்பி, பிளேட்டை அதில் தாங்க வைப்பது என்று முடிவாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது குழி வெட்டிய அன்று பின்னேரம் வீட்டு மண்டபத்துக்கும் மகளின் அறைக்கும் இடைச்சுவரில், அரைநிலாத் துவாரத்தின் மூலையிலிருந்து கீழே, ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. 

"அது பூச்சுத்தான் அம்மா. கல்லுக்கு ஒண்டும் ஆகேல்லை," என்றார் மேசன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இத்தனை வீடு கட்டினனான், தெரியாதே?"

பிளேட் போட்டு முடித்தார்கள். நான் ஒரு கீலம் கடதாசியைப் பசை பூசி வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினேன். சுவர் அசைந்தால் கடதாசி கிழியும். காலையில் எழுந்ததும் அது, பள்ளிக்கூடத்தால் வந்ததும் அது. சோறு வடிக்கும்போது இடையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். மகளும் மருமகனும் படுக்கப்போவது அந்தச் சுவருக்கு அங்கால் உள்ள அறையில்.

மனம் கேட்காமல் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். ஓவசியரின் கொள்ளுப்பேரன் அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். முன்பும் இரண்டொரு தரம் தகவல் கேட்டுப் போயிருக்கிறேன். பெயின்ற் வாளிகளுக்கு நடுவே கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீ தந்தார்.

"ரீச்சர், இந்த முறை என்ன கேக்கப்போறீங்க?"

"அவர் ஏன் கட்டின வீட்டில ஒரு மாரி முழுக்கப் படுத்தவர்? ஆர் அவருக்கு அதைப் பழக்கினது?"

அவர் தன் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார். "அதை நாங்க வெளியில கதைக்கிறல்ல ரீச்சர். மொத மொதல்ல கட்டினது அவர்ட தங்கச்சிக்கு, கலியாண வீடு. மாப்பிள்ள பக்கம் அவசரப்படுத்தினாங்க. மாரிக்கு முந்தித் தெறப்பக் குடுத்துட்டார். காத்திகை மழையில செவர் சரிஞ்சு அவ மேல விழுந்துட்டு. தங்கச்சிட கால் போச்சு. அவ கண் மூடி மௌத்தாகுமட்டும் ஊண்டிக்கிட்டுத்தான் நடந்தவ. அவர ஒரு வார்த்த ஏசினதில்ல. அதுதான் அவருக்குப் பெரிய வேதன."

நான் பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். அவர் வாசல்வரை வந்தார்.

"இன்னொண்டும் இருக்கு ரீச்சர். தெறப்பக் குடுத்தா அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் மாட்டார். போனா நான் செவரத்தான் பார்ப்பன், ஆக்களப் பார்க்கமாட்டன் எண்டு சொல்லுவாராம்."

இரண்டாவது கதை என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. தங்கச்சியின் காலைத்தான் பஸ்சில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் சொன்னேன்: கலியாணம் தையில். ஒரு மாரி போகட்டும்.

"உனக்கென்ன விசரே?" என்றார் கணவர். "கலியாண மண்டபம் சொல்லியாச்சு. அவையள் என்ன நினைப்பினம்?"

அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் வீடு பிந்துகிறது என்றால் வீடு இல்லை என்றுதான் அர்த்தம். பெண் வீட்டார் மனம் மாறிவிட்டார்கள், கதையை மெல்ல முறிக்கப் பார்க்கிறார்கள் என்று எடுப்பார்கள். வெடிப்பைப் பற்றிச் சொன்னால் பொய்ச் சாட்டு என்பார்கள். தெரிந்தும் ஒற்றைக்காலில் நின்றேன். கணவர் நிலாவெளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.  மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லையாம். ஆவணி போயிற்று, புரட்டாதி போயிற்று, அங்கிருந்து ஒரு போன் இல்லை.

மழை வந்தது. நான் பாயை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குக் கீழே போனேன். உண்மையைச் சொன்னால் பயத்தில் செத்துப் பிழைத்தேன். கடல் பக்கமிருந்து காற்று அறையும்போது எதிர்ப்பக்க யன்னலின் காற்றுத் துவாரத்தால் சாரல் முகத்தில் விழும், சுவரில் கை வைத்துப் பார்ப்பேன், குளிர்ந்திருக்கும், குளிர்தானா அசைவா என்று தெரியாது. நல்லூர் தொடங்கி கோணேசர்வரை தெரிந்த கடவுள் எல்லோருக்கும் நேர்த்தி வைத்தேன். மகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். டியூட்டி முடிந்து நனைந்துபோய் வருவாள், என்னைக் கடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். களைப்பு என்று நினைத்தேன்.

ஓவசியரின் வீடு எங்களைக் கைவிடவில்லை. மார்கழி அடைமழையிலும் கடதாசி கிழியவில்லை. தை பிறந்து வெயில் வந்தது. மேசன் வந்து பூச்சைத் தட்டி உள்ளே கல்லைக் காட்டினார். கல் கல்லாகவே இருந்தது. நான் கடதாசியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "எதுக்கும் மாசி முடியுமட்டும் பாப்பம்."

பின்னால் மகள் நின்றாள்.

"அம்மா, திறப்பைத் தாங்கோ."

"பொறு பிள்ளை, இன்னும் ஒரு மாசம்…"

"அவர் ஐப்பசியில என்னோட கதைக்கிறதை விட்டிட்டார். தாய் சொல்லித்தான். நான் கார்த்திகை முழுக்க அந்த அறைக்குள்ள இருந்து அழுதனான். நீங்கள் இந்தச் சுவருக்கு அங்கால படுத்திருந்தனீங்கள். கடதாசி கிழிஞ்சுதோ எண்டு ஒவ்வொரு நாளும் பாத்தனீங்கள். என்னைப் பாத்தனீங்களே?"

 அவளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. இது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் கேட்ட இரண்டாவது கதை அப்போதுதான் மண்டையில் ஏறியது.

இடுப்பிலிருந்த திறப்புக் கோர்வையைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். அன்றைக்கே சேலை மாற்றி, தனியாக நிலாவெளிக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் தாய் வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"வீட்டுத் திறப்பை மகளிட்டக் குடுத்திட்டன்," என்றேன். "சுவருக்குப் பயந்துதான் பிந்தினனான். வேற ஒண்டும் இல்லை. இனி வீடு அவளின்ர. வந்து அவளைப் பாருங்கோ, வீட்டைப் பாக்க வேண்டாம்."

அவர் வாசலை விட்டு விலகி எனக்கு வழிவிட்டார். பிறகு உள்ளே திரும்பி, தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.